தனுஷ்கோடி ஓர் ‘இடம்’ தானா? மானுடப் புவியியல் முதலாண்டுக் கேள்விகள்

உச்சிப்புளி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளங்கலைப் புவியியல் முதலாண்டு படிக்கிறேன். மானுடப் புவியியல் தாளுக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாடத்தில் வரும் அடிப்படைக் கருத்துகளை விளக்க வேண்டும், உதாரணம் ஒன்றுகூட நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வரக்கூடாது என்பது நிபந்தனை. எங்கள் பாடநூலோ லண்டனையும் சிகாகோவையும் விட்டு நகர மறுக்கிறது. வரையறைகளை எல்லாம் ஒப்பிப்பேன். எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடவில்லை. மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, தனுஷ்கோடி. 1964 புயலுக்குப் பிறகு மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசே அறிவித்துவிட்ட ஊரை ‘இடம்’ என்ற தலைப்பில் எழுதலாமா? இரண்டாவது, இடப்பெயர்வு. நம் மாவட்டத்தில் ‘வறட்சியால் வெளியேறினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் தோழிகள். எனக்கு அது போதவில்லை. மூன்றாவது, நிலம்தான் மனிதனைத் தீர்மானிக்கிறது என்ற பழைய கொள்கைக்கு நம் ஐந்திணையை உதாரணம் காட்டலாமா?

புவியியல் வாத்தியார் (பரமக்குடி) எழுதியது:

மகளே, தனுஷ்கோடியை எடுத்தது நல்ல தேர்வு. வரையறையைச் சற்று மூடி வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேள். ஊர் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? முன்னதற்கு விடை ‘தளம்’, பின்னதற்கு விடை ‘சூழலமைவு’.

தளத்தை மட்டும் பார்த்தால் அங்கே ஊர் எழுப்ப எவனுக்கும் மனம் வராது. இரு கடலுக்கு நடுவே ஒரு மணல் நாக்கு, காற்றை மறிக்க ஒரு மேடு கிடையாது. ஆனால் அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் அக்கரை சென்று, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பில் இறங்கினார். சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் அந்த 30 கிலோமீட்டரை நம்பி வந்தவை. சூழலமைவு ஊரைக் கட்டிக்கொடுத்தது என்று எழுது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தளம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை அலை வாரிக்கொண்டு போனது. நீ கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை, கப்பல் துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. தீவு மறுபடி நாட்டோடு இணைந்தது, அந்த ஊர் மட்டும் பிணைப்பிலிருந்து கழன்றது. புயல் ஊரை இடித்தது ஓர் இரவில், ஊரின் சூழலமைவைப் பறித்தது பிறகு எடுத்த முடிவு. இரண்டையும் கலந்து ‘புயலில் அழிந்த நகரம்’ என்று சுற்றுலா வழிகாட்டிபோல எழுதிவிடாதே.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபின் சூழலமைவு மூன்றாவது முறை மாறிவிட்டது. இப்போது அது இலங்கைக்குப் போகும் வழியில்லை. நாடு முடியும் முனையைப் பார்க்க வருகிறார்கள்.

பாம்பன் நாட்டுப்படகு எழுதியது:

“தனுஷ்கோடியை ‘இடம்’ என்று எழுதலாமா?”

தங்கச்சி, என் சித்தப்பா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அவர்களிடம் போய் இதைக் கேட்டுவிடாதே, சிரித்துவிடுவார்கள்.

ஓலைக் குடிசைகள்தான். குழாய்த் தண்ணீர் கிடையாது. சித்தி விடியற்காலையில் குடத்தோடு போய் ஈர மணலை இரண்டு கையாலும் பறிப்பார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் கசியும். முதலில் ஊறுவது கலங்கல், அதை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்தபின் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். இரு பக்கமும் கடல் வைத்துக்கொண்டு நடுவில் நல்ல தண்ணீர் எந்தத் திட்டில் ஊறும், எதில் ஊறாது என்று அவருக்குத் தெரியும். அரசாங்க வரைபடத்தில் அங்கே வெறும் மணல் நிறம்.

புவியியல் வாத்தியார் எழுதியது:

தம்பி சொன்னதை அப்படியே கட்டுரையில் போடு. சீன–அமெரிக்கப் புவியியலாளர் யீ-ஃபூ துவான் 1970களில் எழுதியதன் சாரம் இதுதான். வெறும் ‘வெளி’ மனிதர் பழகப் பழக, பொருள் ஏற ஏற ‘இடம்’ ஆகிறது. அரசாணை குடியிருப்பை ரத்து செய்யலாம், சிரட்டைக் கணக்கை ரத்து செய்ய அதனால் ஆகாது.

கீழக்கரை–துபாய் எழுதியது:

இடப்பெயர்வுக்கு நான் வருகிறேன். இருபுறமும் கால் வைத்தவன் என்ற உரிமையில்.

ஊரைவிட்டுத் தள்ளுவது ‘உந்து காரணி’, வேறூருக்கு இழுப்பது ‘ஈர்ப்புக் காரணி’ என்று பாடநூல் போடும் அட்டவணை எங்கள் ஊருக்குப் பாதிதான் பொருந்தும். கீழக்கரையில் யாரும் வயல் காய்ந்து வெளியேறவில்லை, எங்களுக்கு வயலே கிடையாது. மரைக்காயர்கள் மரக்கலம் ஓட்டியவர்கள். முத்தும் சங்கும் துணியும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் மலாய்க் கரைக்கும் போய்வந்தவர்களின் வாரிசுக்கு வெளியூர் போவது இயல்பான காரியம். என் மாமா வளைகுடா போனார், மச்சானுக்கு விசா எடுத்தார், மச்சான் எனக்கு எடுத்தார். நான் இரண்டு பேருக்கு எடுத்திருக்கிறேன். இங்கே என் அறையில் தங்கியிருக்கும் ஆறு பேரில் நான்கு பேர் ஒரே தெருக்காரர்கள். இதற்குச் சங்கிலி இடப்பெயர்வு என்று பெயர். வறுமையை மட்டும் தேடிப் போனால் இந்தச் சங்கிலி கண்ணில் படாது. எங்களைவிட ஏழ்மையான எத்தனையோ ஊரில் துபாய்க்கு ஆள் கிடையாது, முதல் கண்ணி இல்லாததால்.

தொலைவைப் பற்றியும் ஒரு பத்தி எழுது. பக்கத்தில் இருப்பவை ஒன்றோடொன்று அதிகம் தொடர்புடையவை என்று 1970இல் புவியியலாளர் டோப்ளர் சொன்னதை ‘புவியியலின் முதல் விதி’ என்பார்கள். எங்கள் பாட்டனாருக்கு அது சரியாக இருந்தது. கொழும்பில் கடை, வீடு கீழக்கரையில். எனக்கோ துபாய் பக்கம், கொழும்பு தூரம். எதிர்க்கரைக்கு எங்கள் ஊரிலிருந்து நேராகப் போகப் படகில்லை. மதுரைக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏற வேண்டும். உலகம் சுருங்கிவிட்டது என்று எழுதுகிறார்களே, அது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்கவில்லை. நமக்குக் கிழக்கே அது நீண்டிருக்கிறது.

முதுகுளத்தூர் மிளகாய் எழுதியது:

கீழக்கரைக் காக்கா (அவர்கள் ஊரில் அண்ணன்) சொல்வது கடற்கரைக் கதை. உள்ளே இருபது மைல் வாருங்கள். எங்கள் பக்கம் உந்து காரணி கண்மாயில் வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தருவது. அது பொய்த்தால் மறு ஐப்பசி வரை ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதுதான். சங்கிலியும் பாரம்பரியமும் பேச எங்களுக்கு வசதியில்லை.

கீழக்கரை–துபாய் எழுதியது:

மறுக்கவில்லை அண்ணன். ஆனால் உங்கள் பக்கத்து ஊர்களிலும் ஓர் ஊர்க்காரர் திருப்பூர், மறு ஊர்க்காரர் சிங்கப்பூர் என்று போகிறார்களே, வறட்சி இரண்டுக்கும் ஒன்றுதானே? வறட்சி ‘போ’ என்று சொல்லும். எங்கே போவது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

முதுகுளத்தூர் மிளகாய் எழுதியது:

அதை ஒப்புக்கொள்கிறேன்.

புவியியல் வாத்தியார் எழுதியது:

இருவருக்கும் நடுவில் ஒன்றைச் செருகுகிறேன். புவியியலாளர் ராவன்ஸ்டீன் 1885இல் எழுதிய இடப்பெயர்வு விதிகளில் ஒன்று, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பது. மகளே, இதற்கு மண்டபம் முகாமைவிட நல்ல உதாரணம் உலகத்தில் கிடைப்பது அரிது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த முகாம் அது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படித் திரும்பியவர்களில் பெரும்பாலோர் தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கியது இதே கரையில். 1983க்குப் பிறகு படகில் தப்பி வந்த ஈழத்தமிழரைத் தங்க வைத்ததும் அதே மண்டபத்தில். கூலி, தாயகம் திரும்பியோர், அகதி. மூவரும் கடந்தது ஒரே நீர்ப்பரப்பு. உந்து, ஈர்ப்பு என்று மட்டும் எழுதினால் ஒப்பந்தம் போட்டவர்களும் துப்பாக்கி பிடித்தவர்களும் அட்டவணைக்கு வெளியே நின்றுவிடுவார்கள். எவரெட் லீ என்ற ஆய்வாளர் 1966இல், புறப்படும் ஊருக்கும் போகும் ஊருக்கும் நடுவே வரும் ‘இடைத் தடைகள்’ என்று ஒன்றைச் சேர்த்தார். அதையும் படி. நம் கரையில் தடை சில சமயம் கடல், சில சமயம் கடவுச்சீட்டு.

உச்சிப்புளி மாணவி எழுதியது:

ஐயா, காக்கா, இருவருக்கும் நன்றி. கட்டுரையின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது. முதுகுளத்தூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘வட்டாரம்’ பற்றி எழுதும்போது ‘தண்ணியில்லாக் காடு’ என்ற வழக்கைச் சேர்க்கலாமா?

முதுகுளத்தூர் மிளகாய் எழுதியது:

சேர், ஆனால் யார் சொன்னது என்பதையும் சேர்.

வட்டாரம் மூன்று வகை என்று படித்திருப்பாய். எல்லை வரையறுத்த முறைசார் வட்டாரம் கணக்கெடுப்பில் வரும். 2011இல் நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 13.5 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 330. மாநிலச் சராசரி 555. செயல்சார் வட்டாரத்துக்குப் பரமக்குடி மிளகாய்ச் சந்தையை எடுத்துக்கொள், எந்தெந்த ஊர் மூட்டை அங்கே வந்து இறங்குகிறதோ அதுவரை அதன் எல்லை. ‘தண்ணியில்லாக் காடு’ மூன்றாவது வகை, மனத்தில் மட்டும் இருக்கும் வட்டாரம். அது எங்கள் மனத்தில் பிறந்ததன்று. வேண்டாத அதிகாரியை மாற்றலில் அனுப்ப ஓர் ஊர் தேவைப்பட்டவர்களின் மனத்தில் பிறந்தது. கண்மாயும் ஊரணியும் வெட்டி, எந்த ஊரணியில் குடிநீர், எதில் மாடு இறங்கலாம் என்று முறை வைத்து வாழ்ந்த ஊரைக் காடு என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டபின் வர வேண்டிய மருத்துவர் வர மறுக்கிறார், ஆசிரியர் வந்த நாளிலிருந்து மாற்றலுக்கு மனுப் போடுகிறார். மனவரைபடம் நிலத்தைத் திருப்பி அடிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கூடவே ‘பண்பாட்டு நிலத்தோற்றம்’ எழுத இரண்டு செடி தருகிறேன். அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் சாவர் 1925இல் சொன்னது, இயற்கை நிலத்தின்மேல் பண்பாடு வேலை செய்து செய்து உருவாக்குவதுதான் நாம் காணும் நிலம் என்று. பஸ்ஸில் சாயல்குடியிலிருந்து கமுதிக்குப் போனால் இருபுறமும் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, விறகுக்காகக் கொண்டுவந்தது. நெற்றைத் தின்ற ஆடுமாடு சாணத்தில் விதையைப் போட்டுப்போட்டு, பக்கத்துப் புலம், அதற்கடுத்த புலம் என்று ஏறிவிட்டது. தொற்றுப் பரவல் என்று பாடத்தில் படிப்பாயே, அதன் தெளிவான படம் இது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெட்டச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்கு வந்தது. விளையாத புலத்தில் அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் பல குடும்பம் உலை வைத்தது என்பதையும் எழுது.

மற்றது எங்கள் முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. இதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடியின் வழிவந்ததுதான், போர்த்துகீசியக் கப்பல் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. ஒரே திசையிலிருந்து வந்த இரண்டில் ஒன்று ‘ராம்நாட்டு’ப் பெருமை, மற்றது அந்நியக் களை. உன் விரிவுரையாளர் இதற்கு மதிப்பெண் போடாவிட்டால் என்னிடம் சொல்.

சின்னப்பாலம் மகள் எழுதியது:

இவ்வளவு நேரம் ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள், கடலிலும் படகுக்காரர் மட்டும்தான் இருப்பதுபோல. என் அம்மா பாசி எடுப்பவர். அவர் வேலை செய்யும் வெளியைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரியும் இல்லை.

அம்மா கடலுக்கு இறங்குமுன் பழைய வேட்டித் துணியைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றுவார். கட்டைவிரலுக்கு இரண்டு சுற்று, அதுதான் பாறையில் முதலில் கிழியும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் போட்டு மேலே வருவார். அந்தப் பாசியிலிருந்து கூழாக உறையும் அகர் எடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத் தட்டிலும் பலகாரத்திலும் அதுதான்.

தங்கச்சி, ‘ஆட்சிப்பரப்பு’, அதாவது எந்தப் பரப்பு யார் அதிகாரத்தில் என்ற கருத்தை இங்கே வைத்துப் பார். பாட்டி காலத்திலிருந்து தீவைச் சுற்றிப் பாசி எடுத்தவர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. நீரும் பாறையும் பாசியும் அப்படியே இருந்தன, அம்மா மட்டும் ஒரே நாளில் அத்துமீறி நுழைபவர் ஆனார். பிடித்தால் பையையும் பாசியையும் பறிப்பார்கள். பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று பெண்களே கூடி முறை வைத்தார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுச் சூழலைக் காப்போருக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். கோடு போட்டவர்கள் ஒருமுறை கரைக்கு வந்து கேட்டிருக்கலாம்.

பாம்பன் நாட்டுப்படகு எழுதியது:

அக்கா சொன்னதோடு சேர்த்து ‘அளவுநிலை’யையும், அதாவது ஒன்றை எந்த அளவில் நின்று பார்க்கிறோம் என்பதையும் எழுதிவிடலாம். பாக் நீரிணைச் சண்டையை எடு. கரையில் நின்று பார்த்தால் சண்டை விசைப்படகுக்கும் எங்களுக்கும். ஒரே கடலை நாள் பிரித்து, வாரத்தில் 3 நாள் அவர்கள், 4 நாள் நாங்கள் என்று முறை வைத்திருக்கிறோம். கடல்தரையை வாரிவரும் அவர்களின் இழுவை மடி எங்கள் வலையை அறுத்த கதை நூறு. சென்னையில் நின்று பார்த்தால் அதே சண்டை ‘தமிழக மீனவர் – இலங்கைக் கடற்படை’. 1974இல் கொடுத்த கச்சத்தீவு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நின்று பார்த்தால், போரில் எல்லாம் இழந்து கடலுக்குத் திரும்பிய தமிழ் மீனவர் எதிரில் நம் இழுவைப் படகு. அங்கே 2017இல் சட்டம் போட்டு இழுவை மடியைத் தடை செய்துவிட்டார்கள். அளவுநிலை மாறினால் குற்றவாளி மாறுகிறார்.

இராமேஸ்வரம் விசைப்படகு எழுதியது:

அண்ணன் வசதியாக எங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். இழுவை மடியை 1960களில் கொண்டுவந்து கொடுத்தது யார்? அரசாங்கம். இறால் ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வரும் என்று கடனும் மானியமும் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், நம் பக்கத்தில் எல்லை நெருக்கம். படகு கடன் கழுத்தை நெரிக்கிறது. அளவுநிலை பேசுபவர் உலகச் சந்தையின் அளவுநிலையையும் பேச வேண்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இறால் தின்றவனுக்கு இந்தச் சண்டையில் பங்கில்லையா?

மட்டுறுத்துநர்:

இருவர் சொன்னதும் கட்டுரைக்குப் பயன்படும். படகுச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, மேற்கொண்டு அங்கே தொடரவும்.

உச்சிப்புளி மாணவி எழுதியது:

விசைப்படகு அண்ணன் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன். திணைக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லை.

புவியியல் வாத்தியார் எழுதியது:

வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன், மேலே உள்ளவர்கள் பேசி முடிக்கட்டும் என்று.

நீ கேட்ட பழைய கொள்கைக்குச் சூழல் நிர்ணயவாதம் என்று பெயர், ஜெர்மானியப் புவியியலாளர் ராட்சல் வழியில் வந்தவர்கள் முழங்கியது. வெப்பநாட்டு மனிதன் சோம்பேறி, குளிர்நாட்டான் உழைப்பாளி என்ற அளவுக்கு அது இறங்கியது, காலனி ஆட்சிக்கு நன்றாக உதவியது. பிரான்சில் விதால் தெ லா பிளாஷ் வேறு வழியில் யோசித்தார். இயற்கை வாய்ப்புகளைத் தருகிறது, எதை எடுப்பது என்பதை மனிதக் குழு தன் பழக்கத்தாலும் கருவியாலும் முடிவு செய்கிறது என்றார். அது சாத்தியவாதம்.

இப்போது இந்த இழையையே பார். பாம்பன்காரர்கள் தென்கடலான மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வடகடலான பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே அலை அதிகம், பவளப்பாறை, பாசி, சங்கு. வடக்கே ஆழமற்ற, சேறு படிந்த, இழுவை மடிக்கு வாகான தரை. நிர்ணயவாதி இதோடு எழுந்து போய்விடுவார். ஆனால் அந்த வடகடல் ஆயிரம் ஆண்டாக அதே சேற்றோடுதான் இருந்தது. 1960கள் வரை இழுவை மடி அங்கே இல்லை. சேறு வாய்ப்பைத் தந்தது, எடுக்க வைத்தது இறால் விலை.

ஐந்திணையை நிர்ணயவாதத்துக்கு உதாரணம் ஆக்காதே. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது, சரி. ஆனால் அது பாட்டுக்கு இலக்கணம், மக்கள்தொகைக் கணக்கன்று. நெய்தலில் இரங்கல் பாட வேண்டும் என்பதால் மண்டபத்துக்காரர் எல்லாம் அழுதுகொண்டிருப்பதில்லை. திணைகள் மயங்கலாம் என்று அந்நூலே இடம் கொடுக்கிறது. வேண்டுமானால் இப்படி எழுது: நிலத்தோடு பொழுதையும் தொழிலையும் உணவையும் பறையையும் தெய்வத்தையும் சேர்த்து ஓர் இடத்தைப் படிக்கும் முறை நம்மிடம் இருந்தது என்று. சாவருக்கு அது பிடித்திருக்கும்.

முதுகுளத்தூர் மிளகாய் எழுதியது:

வாத்தியார் ஐயா, பாலையை விட்டுவிட்டீர்கள். பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். எங்களைக் காடு என்றவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். நிரந்தர வறண்ட நிலம் என்று ஒன்று இல்லை, கண்மாயைத் தூர விட்டால் வரும் நிலைதான் அது.

புவியியல் வாத்தியார் எழுதியது:

அந்த வரிக்காக உங்களுக்குத் தனி வணக்கம்.

உச்சிப்புளி மாணவி எழுதியது:

வரும் வாரம் நேரில் பார்த்து எழுதலாம் என்று இருக்கிறேன். தோழிகள் இருவரும் வருகிறார்கள். சின்னப்பாலம் அக்கா, அம்மாவைச் சந்திக்க முடியுமா? நாட்டுப்படகு அண்ணன், தனுஷ்கோடியில் சித்தியையும் பார்க்க வேண்டும்.

சின்னப்பாலம் மகள் எழுதியது:

தாராளமாக வா. அமாவாசையை ஒட்டிய நாள்களில் வராதே, பாசிக்குப் போய்விடுவார். அது முடிந்து வந்தால் கரையில் உலர்த்திக்கொண்டிருப்பார், உட்கார்ந்து பேசலாம். புகைப்படம் எடுக்குமுன் கேட்டுக்கொள், பலருக்குப் பிடிக்காது.

பாம்பன் நாட்டுப்படகு எழுதியது:

சித்தியைப் பார்க்க விடியுமுன் வர வேண்டும். எட்டு மணிக்குமேல் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும், அவர் சிப்பி மாலைக் கடையைத் திறந்துவிடுவார். இராமேஸ்வரத்திலிருந்து முதல் பஸ் அதற்குள் வராது, ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அரிச்சல்முனை என்று சொன்னால் கூடுதலாகக் கேட்பார்கள், பழைய தேவாலயம் என்று சொல்லி அங்கேயே இறங்குங்கள்.